பதினொருவர்

க.நா.சு. பட்டியல் போட்டார் என்பதை இன்றும் ஒரு குற்றச்சாட்டாகவே சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப்பேராவது பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமக்குப் பிடித்த கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுத்து எழுதியவர்களாக இருப்பார்கள். இரண்டும் ஒரே செயல் என்றே நான் கருதுகிறேன். பதினோரு பெயர்களை எழுதும்போது பன்னிரண்டாவது பெயரை விலக்குகிறோம். விலக்கியதற்குக் காரணம் சொல்லத் தொடங்கும் இடத்தில் விமர்சனம் பிறக்கிறது.

அந்த அணிகள் மோதிய களம் புத்தகக் கிரிக்கெட். பாடநூலைப் பிரித்தால் இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ஓட்டம்; சுழி வந்தால் ஆட்டமிழப்பு. எட்டுக்கு என்ன என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை ஒன்று என்று கொண்டால், ஒருவர் சராசரியாக நான்கு முறை தப்பி ஐந்தாம் முறை வீழ்வார். எடுப்பது 13 ஓட்டங்கள். பிராட்மனுக்கும் 13, பதினொன்றாவதாக இறங்குபவருக்கும் 13. புத்தகத்துக்குத் திறமை தெரியாது. அப்படியிருந்தும் யாரைச் சேர்ப்பது என்று சண்டையிட்டோம். ஆட்டத்தைவிடத் தேர்வே நமக்கு முக்கியமாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கணினி வந்தபின் இந்தக் குருட்டுத்தனம் நீங்கியது. ஒவ்வொருவரின் சராசரியையும் உள்ளிட்டு, வெவ்வேறு காலத்தவரை மோதவிடலாம். ஆனால் கணினிக்கு எண் வேண்டும். அ.கோ. ராம்சிங்கை அது என்ன செய்யும்? 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மைசூரை 48, 59 ஓட்டங்களுக்குச் சென்னை அணி சுருட்டியது. ஒரே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தில் ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். டெஸ்ட் எண்களை மட்டும் அறிந்த கணினியில் தந்தைக்கு ஒரு வரிகூட இராது.

என் தமிழக அணி இது: ஸ்ரீகாந்த், முரளி விஜய், டபிள்யூ.வி. ராமன், சி.டி. கோபிநாத், கிருபால் சிங், ராம்சிங், தினேஷ் கார்த்திக், அஸ்வின், வி.வி. குமார், எம்.ஜே. கோபாலன், பாலாஜி. தலைவர் கோபாலன்.

வெங்கட்ராகவன் எங்கே என்று கேட்பீர்கள். 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள் எடுத்தவர். எளிதில் விலக்கக்கூடியவர் அல்லர். ஆனால் 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2024இல் ஓய்வுபெற்ற அஸ்வின் இருக்கையில் இன்னொரு ஆஃப் சுழலரைவிடக் குமாரின் லெக் சுழலே அணிக்குத் தேவை. முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள் எடுத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்டுகள். தேர்வாளர்கள் தவறவிட்ட ஒருவருக்கேனும் இடம் தராத சொந்த அணி, அவர்களுடைய அணியின் நகல் மட்டுமே.

இடையில் இந்த விளையாட்டில் பணம் புகுந்தது. கைபேசியில் அணி தேர்ந்தவர்கள் மறுநாள் ஆட்டத்தில் யார் அதிகப் புள்ளி ஈட்டுவார் என்பதை மட்டுமே பார்த்தார்கள். அங்கே இறந்தவருக்கு இடமில்லை, ஓய்வுபெற்றவருக்கும் இடமில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. கடன்பட்ட குடும்பங்களை எண்ணி அதை வரவேற்கிறேன். ஆனால் தீர்ப்பைப் பந்தயமாக்கிய பழக்கம் சட்டத்தால் மட்டும் போகாது. வென்றால் சரி, தோற்றால் தவறு என்றாகிவிட்டபின் யாரும் காரணம் சொல்லப் பழகுவதில்லை.

தூத்தூரிலும் அதை அடுத்த கடற்கரை ஊர்களிலும் கால்பந்தே முதல் ஆட்டம். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019-20இல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தார். அவருடைய ஆட்டத்துக்குப் பதிவு உண்டு. கோவில் திருவிழாப் போட்டிகளில் மணலில் ஆடி, பின் வள்ளத்தில் ஏறிப் போனவர்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. அவர்களுடைய சராசரியை யாரும் எழுதிவைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பதினொருவர் பட்டியலில்தான் அவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, உங்கள் பதினொருவரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிக் காரணம் சேருங்கள். விலக்கிய ஒருவருக்கு இரண்டு வரி கொடுங்கள். அது அவருக்குரிய கடன்.