நாட்டை விட்டுப் போகிறவர்கள் துரோகிகளா?

அமெரிக்கர்களில் ஒரு சாரார், தங்கள் சர்க்காரின் போக்கு பிடிக்கவில்லை, வைத்தியச் செலவும் வீட்டு வாடகையும் தாங்கவில்லை, பொருளாதாரக் கொள்கையெல்லாம் பணக்காரனுக்கே அனுகூலமாக இருக்கிறது என்பதாகச் சொல்லிக்கொண்டு, போர்த்துகல், மெக்சிகோ முதலிய தேசங்களில் போய்க் குடியேறி வருகிறார்கள். 2020-ஆம் வருஷத்தில் 6,000-க்கு மேற்பட்டவர்கள் அமெரிக்கப் பிரஜா உரிமையையே வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்து சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்ற வரிச் சட்டம் இதற்கு ஒரு முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது.

இந்தச் சேதியைக் கேட்டு நம் ஊர்களில் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். "இங்கே இருக்கிறவன் நிலத்தை அடகு வைத்தாவது மகனை அமெரிக்காவுக்கு அனுப்பப் பார்க்கிறான், அங்கே இருக்கிறவன் அதை விட்டு ஓடுகிறானே!" என்கிறார்கள். நம் தேசபக்தர்களோ ஒரு படி மேலே போய், பிறந்த நாட்டை விட்டுப் போகிறவன் பெற்ற தாயைக் கைவிட்டவனுக்குச் சமானம் என்று பிரசங்கம் செய்கிறார்கள்.

இதில் அதிசயமுமில்லை, துரோகமுமில்லை என்பதே நமது அபிப்பிராயம். நாடு என்பது தாயுமல்ல, தெய்வமுமல்ல. மனிதர்கள் கூடி வாழ்வதற்காகச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடே நாடு என்பதும் சர்க்கார் என்பதும் ஆகும். அந்த ஏற்பாட்டில் ஒருவனுக்கு வயிற்றுக்குச் சோறும் மனிதன் என்ற மரியாதையும் கிடைக்காவிட்டால் அவன் எதற்காக அங்கே இருக்க வேண்டும்? மண்ணுக்காக மனிதனா, மனிதனுக்காக மண்ணா என்று கேட்கின்றோம்.

இந்த விஷயத்தை ஆராய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டு மலை ஏறினால் போதும். தலைச்சோலை முதலிய சேர்வராயன் மலையூர்களில் வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். இவர்கள் பேசுவது தமிழ். கேரளத்து மலையாளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்களுடைய பரம்பரைக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஜாதிகளைப் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். கரிராமன் என்ற சாமிக்குக் காஞ்சீபுரத்தில் இருப்பது சௌகரியப்படவில்லையாம். அதனால் வேறிடம் தேடிப் புறப்பட்டதாம். அதைத் தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு கிளம்பி வெவ்வேறு வழியாகப் பிரிந்தார்களாம். பெரியண்ணன் வந்து சேர்ந்த இடம் சேர்வராயன் மலையாம்.

சாமி புறப்பட்ட கதையை நாம் நம்பவில்லை. ஆனால் நம்புகிறவர்களை ஒன்று கேட்கின்றோம். காஞ்சியில் சௌகரியப்படாமல் ஒரு சாமியே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறலாமென்றால், சௌகரியப்படாத ஊரைவிட்டு ஒரு மனிதன் போவதை மாத்திரம் துரோகமென்று சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கதையிலிருந்து சாமியை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது, சமவெளியில் வாழ முடியாமல் மலைக்கு வந்த மனிதர்களின் ஞாபகம்தான்.

இந்த மலையில் இவர்கள் மாத்திரம் வந்தேறவில்லை. 1820-ஐ ஒட்டிச் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பிக்குப் பின்னால் துரைமார்கள் வந்தார்கள். தோட்டங்களும் பங்களாக்களும் வந்தன. 1947-க்குப் பின் துரைமார்கள் கப்பலேறினார்கள்; தோட்டங்கள் நம்மவர்களில் பணம் படைத்தவர்களுக்குக் கைமாறின. மலையை ஆளுகிறவன் மலையாளி என்று பெயருக்கு அர்த்தம் சொல்லுகிறார்கள். அந்த ஆளுகிறவனோ பெரிய தோட்டங்களில் தினக்கூலியாக நிற்கிறான். வெள்ளைக்காரன் போனதாலும் அவன் நிலை மாறவில்லை, கறுப்புத் துரை வந்ததாலும் மாறவில்லை.

இனி மலையடிவாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதில் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் சேலம் ஒன்று. 1871-ஆம் வருஷத்து ஜனக்கணக்கைவிட 1881-ஆம் வருஷத்துக் கணக்கில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை குறைந்து போயிற்று. மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் மழை மாத்திரமா கொன்றது? ஜனங்கள் தெருவில் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1-ந் தேதி, விக்டோரியா ராணி சக்கரவர்த்தினியானதற்காக லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் நடத்தினார். தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது அன்றைய பொருளாதார சாஸ்திரம். ஆகையால் தானியம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போவது நிற்கவில்லை. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று சர் ரிச்சர்டு டெம்பிள் அளவு வகுத்தார். நம் புரோகிதர்களோ வருணனுக்கு ஜபம் செய்யச் சொன்னார்கள். ஒருவர் சந்தையின் பேரால் பட்டினி போட்டார். மற்றவர் சாமியின் பேரால் அதைச் சகித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டும் ஒரே வேலைதான்.

பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஏழை ஜனங்கள் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்கு நடந்தார்கள். போனவர்களில் பெரும் பகுதியார் தாழ்த்தப்பட்ட மக்கள். அங்கே துண்டு என்ற கடன் சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோடு கூடவே கைமாறியது. கடனை வாங்குகிறவன் ஆளையும் வாங்கியவனானான். 1921-இல்தான் இதைச் சட்டம் ஒழித்தது. பிறகு 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, காட்டை அழித்துத் தோட்டமாக்கிய இந்த ஜனங்களைப் பிரஜைகள் அல்ல என்று தள்ளியதாகும். 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறீமாவோ அம்மையாரும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஆட்டு மந்தையைப் பிரிக்கும்போதாவது எது கறவை, எது கிழடு என்று பார்ப்பார்கள்!

இந்த ஜனங்களைத் தேசத்தை விட்டு ஓடியவர்கள் என்று சொல்ல எவனுக்காவது நா எழுமா? இவர்கள் நாட்டைக் கைவிடவில்லை. நாடுதான் இவர்களைக் கைவிட்டது.

நிற்க, இவர்கள் போனபோது நம் சாஸ்திரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? ஒருவனைப் பதிதனாக்கும் பாவங்களை வரிசைப்படுத்தும்போது பௌதாயன தர்ம சூத்திரம் கடல் யாத்திரையையே முதலில் வைக்கிறது. இந்தச் சாஸ்திரம் தன்னைப் போற்றுகிறவர்களையும் விட்டு வைக்கவில்லை. கணித மேதை ராமானுஜன் 1914-இல் சீமைக்குப் போனார். உலகமே வியந்த அறிவோடு திரும்பினார். 1920-இல் அவர் இறந்தபோது, கடல் கடந்தவர் என்ற காரணத்தால் வைதிக உறவினரில் பலர் சவச் சடங்குக்கு வரவில்லை என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அதே வைதிகம் இன்று என்ன செய்கிறது? ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் உள்ள பெருமாளுக்கு விசா பாலாஜி என்றே பெயர் வழங்குகிறது. பதினொரு சுற்றுச் சுற்றினால் அமெரிக்காவுக்குப் போகச் சீட்டுக் கிடைக்குமாம். கிடைத்த பின் நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றிக் கடனைத் தீர்க்க வேண்டுமாம். கடலைத் தாண்டினால் நரகம் என்று சொன்ன மதமே இன்று கடலைத் தாண்டி விடுவதற்குத் தரகு வேலை பார்க்கிறது. சம்பளம் டாலரில் வருகிறது என்று தெரிந்தவுடன் பாவம் புண்ணியமாகிவிட்டது! சாஸ்திரம் மாறாதது, அனாதியானது என்று இனி யாராவது சொல்ல வந்தால், தோழர்கள் இந்தச் சில்கூர் சங்கதியைக் கேட்க வேண்டுமாய்க் கோருகின்றோம்.

இன்று இந்தியாவை விட்டுப் போகிறவர்கள் யார்? சர்க்கார் பார்லிமெண்டில் சொன்ன கணக்கின்படி 2022-ஆம் வருஷத்தில் 2,25,620 பேரும், 2023-இல் 2,16,219 பேரும், 2024-இல் 2,06,378 பேரும் இந்தியப் பிரஜா உரிமையை விட்டிருக்கிறார்கள். 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி இன்னொரு நாட்டின் பிரஜையானால் இந்த நாட்டு உரிமை போய்விடும். அது தெரிந்தேதான் விட்டார்கள். இவர்களில் கண்டபடி தேசபக்தி பேசுகிறவர்களும் உண்டு. அங்கே குடியுரிமைக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, இங்கே இருக்கிறவனுக்குத் தேசபக்தி கற்றுக் கொடுக்கிறார்கள். போகட்டும், போவது அவர்கள் உரிமை. ஆனால் போக முடியாதவனுக்குப் புத்தி சொல்லும் உரிமை அவர்களுக்கு ஏது?

போகிறவன் எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியர் அமெரிக்கப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். வெள்ளையருக்கு உண்டான பிரஜா உரிமை தனக்கும் வேண்டுமென்று அவர் வழக்காடினார். வழக்கில் எடுத்துச் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? தாம் உயர்ஜாதி இந்து, ஆரியர் என்பது. அமெரிக்க வெள்ளையன் நீக்ரோவோடு எப்படிக் கலியாண சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டானோ, அப்படியே உயர்ஜாதி இந்துவும் இந்தியப் பழங்குடியோடு வைத்துக்கொள்ள மாட்டான் என்பது! நம் சேர்வராயன் மலையாளியைத் தொடமாட்டேன் என்பதை வெள்ளையனிடம் யோக்கியதாப் பத்திரமாக நீட்டியது போலத்தான் இது. 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரை வெள்ளையரல்ல என்று தள்ளிவிட்டது. அதோடு முன்பு பிரஜைகளாகியிருந்த இந்தியர் பலருடைய உரிமையும் பறிபோயிற்று. பிறரை இழிவாக்கித் தான் உயர நினைத்தவனை, அவனைவிடப் பெரிய ஜாதிக்காரன் இழிவாக்கி அனுப்பினான்.

நூறு வருஷமாகியும் புத்தி வந்ததா என்றால் முழுக்க வரவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை ஜாதி வேற்றுமை கூடாது என்று தனிச் சட்டம் செய்ய வேண்டி வந்தது. அந்த ஊரில் ஜாதி முளைத்ததா? விமானத்தில் பெட்டியோடு போயிற்று.

மாறாக, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் தொழிலாளத் தோழர்களைப் பாருங்கள். 1929-ஆம் வருஷக் கடைசியில் பெரியார் மலாயாவுக்குச் சென்று சுயமரியாதைப் பிரசாரம் செய்தார். பின்னர் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஏற்பட்டது. 1935-இல் தோழர் சாரங்கபாணியின் முயற்சியால் தமிழ் முரசு தொடங்கிற்று. போன இடத்தில் ஜாதியை ஒழிக்கச் சங்கம் வைத்தவர்களும் தமிழர்கள்தான். ஆகவே, போவதால் மனிதன் கெடுவதுமில்லை, திருந்துவதுமில்லை. எதைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பதே முக்கியம்.

அமெரிக்காவிலும் பணக்காரன் வரிக்குப் பயந்து போவது ஒன்று. மானத்துக்காகப் போவது வேறு. கறுப்பின மக்களுக்காக ஆயுள் முழுவதும் உழைத்த அறிஞர் துபாய்ஸ் என்பவருக்கு அந்தச் சர்க்கார் பல வருஷம் பாஸ்போர்ட்டே கொடுக்காமல் தடுத்து வைத்திருந்தது. அவர் 1961-இல், தமது 93-ஆம் வயதில், கானா நாட்டுக்குக் குடிபோனார். 1963-இல் அந்நாட்டுப் பிரஜையாகவே இறந்தார். அவர் துரோகியா, அவரை அந்த வயதில் விரட்டியவர்கள் துரோகிகளா?

கடைசியாக ஒரு விஷயம். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி, ஆந்திராவிலுள்ள சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழர்கள் 20 பேரை அம்மாகாணத்துப் போலீஸ் படை சுட்டுக் கொன்றது. அவர்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்காரர்கள். அவர்களில் பலர் சேர்வராயன் மலை ஜனங்களின் இனத்தாராகிய மலையாளிகள். மலையில் பிழைப்பில்லாமல், ஏஜெண்டின் பேச்சை நம்பி பஸ் ஏறினவர்கள். அதே 2015-இல் 1,31,489 பேர் இந்தியப் பிரஜா உரிமையை விட்டுவிட்டு வேறு நாட்டுப் பிரஜைகளாகச் சௌக்கியமாக வாழ்கிறார்கள். இருவரும் பிழைப்புக்காக ஊரை விட்டவர்கள்தான். படித்தவன் போனால் பத்திரிகைகள் மூளை வளம் போகிறதே என்று அழுகின்றன. மலைவாசி போய்ப் பிணமாகத் திரும்பினால் திருடன் என்று எழுதுகின்றன. இது எந்த நியாயத்தைச் சேர்ந்தது என்று கேட்கின்றோம்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். ஒரு சர்க்காரின் யோக்கியதையை, அதை விட்டுப் போகிறவர்களின் தொகையைக் கொண்டு மாத்திரம் அளக்கக் கூடாது. போக வழியில்லாமல் இருக்கிறவன் எப்படி இருக்கிறான் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். காட்டில் காலங்காலமாய் வாழ்கிறவனுக்கு உரிமை உண்டு என்று 2006-இல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. அந்தச் சட்டம் மலையேறி வருவதற்குள் இங்கே பல வருஷங்கள் கழிந்தன. மலைவாசியின் கையில் பட்டா இருக்கட்டும். தோட்டத்தில் உழைக்கிறவனுக்கு வயிறாரக் கூலி கிடைக்கட்டும். துரைமார் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட பெரிய பள்ளிக்கூடங்களின் படிப்பு மலையாளிப் பிள்ளைக்கும் எட்டட்டும். அதன் பிறகும் ஒருவன் போனால், அவன் உலகத்தைப் பார்க்கப் போகிறான் என்று சந்தோஷத்தோடு வழியனுப்புவோம்.

போகிற வாலிபத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாகப் போங்கள், கடலும் பாவமல்ல, வெளிநாடும் பாவமல்ல. ஜாதியை மாத்திரம் இங்கேயே குப்பையில் போட்டுவிட்டுப் போங்கள். இருக்கிற தோழர்கள் அந்தக் குப்பையைக் கொளுத்தும் வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும்.