பண்டிகைக் காலமும் இரைப்பு நோயும்

தீபாவளி நெருங்கியதும் நாளேடுகளில் ஆஸ்துமா நோயாளிகளுக்கான அறிவுரைகள் தவறாமல் வெளிவருகின்றன. தூசியை அண்டாதீர்கள், புகையுள்ள இடத்தில் நிற்காதீர்கள், சன்னல்களைச் சாத்தி வீட்டினுள் இருங்கள். மருத்துவ நோக்கில் பிழையில்லை. ஆனால் முலுண்டின் அடுக்குமாடி வீடுகளில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பரணும் மின்விசிறியும் துடைக்கும் பணிப்பெண்ணிடம் இதைச் சொல்ல இயலுமா? அவ்வீட்டின் ஓராண்டுத் தூசி அவர் மூச்சில்தான் படிகிறது. தாராவி கும்பார்வாடாவின் சூளைகள் அகல்விளக்குகளுக்காக ஓயாது புகைவதும், நெல்லைச் சீமையிலிருந்து குடியேறிய நம் குடும்பங்கள் எண்ணெய்க் கொப்பரை முன் முறுக்குச் சுடுவதும் (கடையில் அதற்குச் ‘சக்லி’ என்று பெயர்) இதே வாரங்களில்தான். பிறருக்கு விடுமுறைக் காலம். இவர்களுக்கு உற்பத்திக் காலம். தூசியையும் புகையையும் தவிர்ப்பதென்றால் கூலியைத் தவிர்ப்பது.

பருவமழை ஓய்ந்தபின் கடற்காற்று தளர்ந்து, மாசு தரையோடு தங்கிவிடுகிறது. 2023 நவம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் பட்டாசு நேரத்தை இரவு 8 முதல் 10 மணி வரை எனக் குறுக்கியது வரவேற்கத்தக்கதே. சூளைப்புகைக்கும் குப்பைப்புகைக்கும் நேரக் கட்டுப்பாடு ஏது? 2016 சனவரியில் தேவனார்க் குப்பைமேடு எரிந்தபோது செம்பூரும் கோவண்டியும் திணறின. இன்றோ, தாராவியில் ‘தகுதியற்றோர்’ என ஒதுக்கப்படுவோரைக் குடியமர்த்த முலுண்டின் உப்பள நிலத்தையும் அதே தேவனார்க் குப்பைமேட்டின் ஒரு பகுதியையும் குறித்து வைத்துள்ளனர். இதற்குப் பெயர் மறுசீரமைப்பு!

எனவே மருந்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் குடியிருப்புகளில் ‘பம்ப்’ என்னும் ஒரே சொல் இருவேறு மருந்துகளைக் குறிக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் கவலை மட்டுமன்று, உயிர்க் கவலையும்கூட. சால்புட்டமால் மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும், அழற்சியைத் தணிக்காது. அதனைத் தணிப்பது புடெசொனைடு போன்ற, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. அதன் முழுப்பயன் தெரியச் சில வாரங்களாகும்; திணறலில்லாத நாளிலும் எடுக்க வேண்டும். தீபாவளியன்று தொடங்கினால் தீபாவளிக்கு உதவாது. சால்புட்டமாலை மட்டும் நம்பியிருத்தல் ஆகாதென ‘ஜினா’ என்னும் பன்னாட்டு வழிகாட்டு அமைப்பு 2019இல் அறிவித்தது. ‘பம்ப் பழகிவிடும்’ என்ற ஆதாரமற்ற அச்சத்தால் மாத்திரையிலேயே காலந்தள்ளுவோர் நம் தோழர்களிடையேயும் உண்டு.

அந்த மாத்திரையையும் மலிவாக விட்டுவைக்கவில்லை. 2024 அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டே வாரங்கள் இருக்கையில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்தியது. சால்புட்டமால் அவற்றுள் ஒன்று. உற்பத்திச் செலவு கூடிவிட்டதென்ற நிறுவனங்களின் வாதம் ஏற்கப்பட்டது. முறுக்குச் சுடுபவரின் கூலி உயர்ந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

புடெசொனைடு 2022ஆம் ஆண்டின் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. பட்டியலில் இருப்பது வேறு, மாநகராட்சி மருந்தகத்தில் கைக்குக் கிடைப்பது வேறு. நமது கிளைகள் ஆகஸ்டு மாதத்திலேயே தத்தம் பகுதி மருந்தகங்களில் இருப்பைக் கேட்டறிந்து, இல்லையெனில் வார்டு அலுவலகத்தில் மக்களைத் திரட்டி மனு அளிக்க வேண்டும். பட்டாசு எதிர்ப்புத் துண்டறிக்கையைவிட இது பயன் தரும் என்பது என் கருத்து. குழந்தைக்கு ‘ஸ்பேசர்’ வாங்க இயலாத வீடுகளில், அரை லிட்டர் பிளாஸ்டிக் குப்பியின் அடியில் இன்ஹேலர் பொருந்துமாறு துளையிட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் ஆய்ந்து காட்டிய முறை இது. மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.