கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடி மாவட்டம் புன்னக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, பொதிகை மலையில் பிறக்கிறது. அந்த மலையின் உச்சி, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம். ஆறு முடியும் ஊர்க்காரர்களுக்கு, அது பிறக்கும் மலையை ஒருமுறை மிதித்துவிட ஆசை இருப்பது நியாயம்தான்.

ஆனால், நினைத்தவுடன் கிளம்பிவிடக் கூடிய மலை அல்ல இது. கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கி, போனக்காட்டில் இருந்து வழிகாட்டியோடு நடக்க வேண்டும். இரவு அதிருமலை முகாமில் தங்கல். உச்சியை நெருங்கினால் தடம் என்று எதுவும் இல்லை, வெறும் பாறைதான். அங்கே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகிறவர்கூடத் தெரிய மாட்டார்.

அனுமதியும் வழிகாட்டியும் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள், 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை மறக்கக் கூடாது.

கடற்கரைக்காரர்களுக்கு இந்தப் பாடம் பழையது. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த வரை, கல்லோடு கடலுக்குள் இறங்கியவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. அதனால் அந்த வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் அக்காள் தாலியாயிற்றே, அசட்டையாக இருப்பாரா?

மலையில் அந்த மச்சான், காட்டை அறிந்த காணி இன வழிகாட்டி. 'போதும், திரும்பலாம்' என்று அவர் சொன்னால், உச்சி கண்ணெதிரே நின்றாலும் திரும்பிவிடுங்கள். மலை எங்கும் போய்விடாது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் வேண்டும்.