மெஷினுக்கு ஆன்மா இல்லையாம்!

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு இசைத்தொகுப்பைக் கேட்டோம். கேட்டு முடித்த பிறகு வந்த கருத்துகளைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் விட்டால் நாளைக்கு அதையே ‘தலித் அழகியல்’ என்று எழுதி நம் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கப் போகிறவர்களில் நம்மாளுங்களும் இருப்பார்கள் என்பதுதான் என் பயம்.

கேட்டது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ‘டிரெக்ஸியா’ குழுவின் ‘தி குவெஸ்ட்’. 1997இல் வந்த தொகுப்பு. ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டொனால்ட் என்ற இரண்டு கறுப்பர்கள் செய்தது. முகத்தையும் பேரையும் மறைத்துக்கொண்டு இசை வெளியிட்டவர்கள். சிந்தசைசரும் டிரம் மெஷினும்தான் கருவி. பாட்டு கிடையாது. எப்போதாவது ஒரு குரல் வரும், அதுவும் மெஷினுக்குள் புகுந்து வந்த குரல்.

உறையில் ஒரு கதை இருக்கிறது. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கக் கர்ப்பிணிகளைத் தொல்லை என்று கடலில் தூக்கி எறிந்தார்கள். தாயின் வயிற்றுக்குள் நீரிலேயே உயிர் வாழ்ந்த சிசுக்கள் கடல் நீரிலும் மூச்சுவிடப் பழகிப் பிழைத்திருந்தால்? அவர்கள் கடலடியில் கட்டிய நாடுதான் டிரெக்ஸியா.

கதை கற்பனை. எறிந்தது கற்பனை இல்லை. 1781இல் ‘சாங்’ என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து 130 பேருக்கு மேல் உயிரோடு கடலில் தள்ளினார்கள். தள்ளிவிட்டு, நஷ்டமான சரக்குக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றத்தில் அது கொலை வழக்காக அல்ல, காப்பீட்டு வழக்காக நடந்தது. மொத்த அடிமை வணிகத்தில் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 125 லட்சம் பேர், கரையில் உயிரோடு இறங்கியவர்கள் 107 லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மிச்சத்தைக் கடல்தான் அறியும்.

இனி கருத்துகளுக்கு வருவோம்.

நவீன இலக்கிய நண்பர் ஒருவர் சொன்னார்: “ஒலி அற்புதம்யா. சுத்தமான அரூபம். இதுல அடிமை, கப்பல்னு கதை எதுக்கு? இசைக்கு ஏது அரசியல்?” இது அவர் ஒருவரின் கருத்தில்லை. ஐரோப்பாவில் இந்தத் தட்டுகளைத் தேடி வாங்கும் ரசிகர்களிலும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இதே உறையிலேயே பதில் இருக்கிறது. நான்கு வரைபடங்கள். முதலாவது அடிமை வணிகம். இரண்டாவது, 1930களிலும் 40களிலும் கிராமத்துக் கறுப்பர்கள் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த பாதை. மூன்றாவது, 1988இல் டெக்னோ டெட்ராய்ட்டை விட்டு உலகமெங்கும் பரவியது. நான்காவது, இனி வரப்போகும் காலத்தில் வீடு திரும்பும் பயணம். அந்த 1988இல்தான் டெட்ராய்ட் டெக்னோவைத் தொகுத்து இங்கிலாந்தில் தட்டு போட்டார்கள். அப்புறம் டெக்னோ என்றால் ஐரோப்பியச் சரக்கு என்று நினைக்கிற ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. கதையை வெட்டினால் செய்தவனும் சேர்ந்து வெட்டுப்படுவான். குளத்துத் தண்ணி ருசியா இருக்கு, வெட்டினவன் பேரு எதுக்குன்னு கேட்கிற வாய் எந்த வாய் என்று நமக்குத் தெரியாதா?

அடுத்து இடதுசாரித் தோழர். “இதுல சனங்க எங்க தோழர்? ஒப்பாரி இல்ல, கோஷம் இல்ல. வெறும் மெஷின் சத்தம். உழைக்கிறவன் இதையா கேப்பான்?”

டெட்ராய்ட் எந்த ஊர் தோழர்? கார் கம்பெனி ஊர். கறுப்புத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாய் மெஷின் முன்னால் நின்ற ஊர். 1968இல் டாட்ஜ் ஆலையின் கறுப்புத் தொழிலாளிகள் தங்கள் புரட்சிகரச் சங்கத்துக்கு வைத்த பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘டிரம்’ என்று வரும். ஆலைக்குள் பிறந்த பறை! மெஷின் அவர்களுக்கு அந்நியமாம், யார் சொன்னது? அந்த ஊரின் பெருமையாக இருந்த மோட்டவுன் இசைக் கம்பெனி 1972இல் லாஸ் ஏஞ்சல்சுக்குப் போய்விட்டது. ஆலைகள் மூடின, வேலை போனது. ரோலண்ட் கம்பெனி 1980இல் கொண்டுவந்த 808 டிரம் மெஷின், ‘நிஜ டிரம் மாதிரி இல்லையே’ என்று சந்தையில் எடுபடாமல் 1983இல் நின்றுபோனது. பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்ததைக் கறுப்பு இளைஞர்கள் வாங்கித் தட்டினார்கள். மற்றவன் கழித்ததில்தான் இந்த இசை பிறந்தது. ஸ்டின்சன் லாரி ஓட்டிப் பிழைத்தவர். 32 வயதில், 2002இல் செத்துப்போனார். உழைக்கிறவன் கேட்பானா என்கிறீர்கள், உழைக்கிறவன்தானய்யா செய்ததே!

ஒப்பாரி இல்லை என்பது உண்மைதான். ‘குமிழ் மாநகரம்’ என்று பொருள்படும் 1993ஆம் ஆண்டுத் தட்டைக் கேளுங்கள். கடலடி நகரத்தின் கட்டுப்பாட்டு நிலையம் ஒரு வாகனத்தோடு பேசுகிறது, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. கடலில் வீசப்பட்டவர்களுக்கு நகரம் இருக்கிறது, போக்குவரத்து இருக்கிறது, அதற்கு விதியும் இருக்கிறது. பிணமாகப் போனவன் குடிமகனாக வந்து நிற்கிறான். இதைவிட என்ன கோஷம் வேண்டும்? நாம் அழுதால்தான் உங்களுக்குக் காது கேட்கும் என்றால் கோளாறு காதில்தான்.

கடைசியாக நம்ம தோழர் ஒருவர். வயதில் மூத்தவர், நான் மதிக்கிறவர். “மெஷினுக்கு ஆன்மா இல்லப்பா. நம்ம பறைக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரம்?” கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கு வலித்தது இதுதான்.

ஆன்மா என்ற சரக்கு எந்தக் கடையில் விற்றது தோழர்? மெஷினைப் பழித்துக் கிராமத்தைப் போற்றிய காந்தியத்துக்கு எதிராக அம்பேத்கர் 1945இல், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்ட நூலில் வாதாடியது என்ன? மிருக வாழ்க்கையிலிருந்து மனுசனை விடுவிக்க, அவனுக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க இயந்திரம் வேண்டும், குற்றம் இயந்திரத்தில் இல்லை, சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். அவர் படத்தை மாட்டிய மேடையில் நின்றுகொண்டு மெஷினுக்கு ஆன்மா இல்லை என்கிறோம்.

பறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் உண்டு. அந்த மறுப்பும் போராட்டம். பிறகு நாமே விரும்பி அதை விடுதலைக் கருவியாக எடுத்தோம். அதுவும் போராட்டம். இரண்டிலும் முடிவு நம்முடையது. விரும்பி எடுத்தால் கலை. ‘உனக்கு இதுதான்’ என்று ஒதுக்கிக் கொடுத்தால் பழைய ஊழியம். ஒதுக்கிக் கொடுக்கிறவன் நம்மாளாக இருந்தாலும் ஊழியம் ஊழியம்தான்.

இதைக் காற்றில் சொல்லவில்லை. எங்கள் வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன், அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். தோல் ஊறவைத்துச் சுற்றும் மர டிரம்மின் சத்தத்தைச் செல்போனில் பதிந்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பன்னிரண்டு நிமிட இசை செய்திருக்கிறான். நம் கலை இரவு ஒன்றில் போடக் கேட்டதற்கு, “இது நம்ம கலை இல்ல தம்பி, பறைக்குழுவுல சேர்ந்துட்டு வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த டிரம்மின் ஈரத்தில் கை வெந்தவர்கள் யார்? அந்தச் சத்தம் நம்முடையது இல்லையாம்!

என்மேலும் குற்றம் உண்டு. அன்றைக்குத் தட்டைப் போடுவதற்கு முன்னால் அரைமணி நேரம் கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பிதான் பொறுக்காமல், “அண்ணே, கதைய நிறுத்திட்டு அடிய கேளுங்க. கீழ பாஸ் தாளத்தோட ஒட்டாம வழுக்கிக்கிட்டே போவுது பாருங்க” என்றான். அப்புறம்தான் எனக்குக் கேட்டது. கதையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவனும் பாதிச் செவிடன்தான். வலியை மட்டும் எடுத்துக்கொண்டு மூளையை விட்டுவிடுகிறான். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். அன்றிலிருந்து கறுப்பர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டோம். அவர்களின் பரிசோதனையை ஏன் வாசலிலேயே நிறுத்துகிறோம்?

அடுத்த கலை இரவில் அந்தத் தம்பிக்கு இருபது நிமிடம் கொடுங்கள். பிடிக்கலைன்னா எழுந்து போங்க. ஏன் பிடிக்கலைன்னு இதே பக்கத்தில் எழுதுங்க, சண்டை போடுவோம். ஆனால் ‘இது உன் வேலை இல்லை’ன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த வார்த்தையை இத்தனை காலமா நம்மகிட்ட சொல்லிட்டு வந்தது யாருன்னு நமக்குத் தெரியும்.