காகிதம் விமானம் ஓட்டாது!



2025 நவம்பரில் திருச்சி – புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் ஒரு சிறிய பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலையே ஓடுதளம் ஆனது. உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினர்.

1980 ஜூன் 23-ஐயும் நினைத்துப் பாருங்கள். டெல்லியில் சஞ்சய் காந்தி இரண்டு இருக்கை விமானத்தில் தாழ்வாகப் பறந்தபடி சாகசம் செய்ய முயன்றார். விமானம் விழுந்தது. அவரும், உடன் சென்ற அனுபவமிக்க பயிற்றுநரும் மாண்டனர். பிரதமரின் மகன் என்பதற்காக வானம் விதியைத் தளர்த்தவில்லை!

சிறிய விமானத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது? மூக்கு அதிகம் தூக்கி, வேகம் குறைந்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். விமானம் கீழே சரியும். அப்போது உயிர்ப் பயம், "மூக்கை மேலே தூக்கு" என்று சொல்லும். தூக்கினால் முடிந்தது கதை! மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். அதற்குக் கீழே போதிய உயரம் வேண்டும். பயத்தை மீறிக் கை சரியாக இயங்கப் பழக்குவதே பயிற்சி. அதனால்தான் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

அந்த மணி நேரத்தையும் விலை பேசினார்கள்! போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் 2011-ல் கைதானார்கள். பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதிக் கொடுத்ததாக ராஜஸ்தானில் வழக்கும் பதிவானது. நம்பி ஏறும் பயணிகளின் உயிர் அமானிதம் அல்லவா?

இது வானத்துச் சங்கதி, நமக்கென்ன என்று இருந்து விடாதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிரேன் இயக்கும் இளைஞனே! உன் கொக்கியில் தொங்கும் இரும்புக்குக் கீழே இன்னொரு தாயின் மகன் நிற்கிறான். திருவள்ளூர் சாலையில் சரக்கு வேன் விடும் வியாபாரியே! உங்கள் டிரைவரின் லைசென்ஸ் ஓட்டிக் காட்டி வாங்கியதா, புரோக்கர் வாங்கித் தந்ததா?

மகனைப் பைலட் ஆக்க விரும்பும் பெற்றோரே! நிலத்தை விற்றுப் பல லட்சம் கட்டுமுன் விசாரியுங்கள். அந்தப் பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அனுமதி உண்டா? எத்தனை விமானங்கள் ஓடும் நிலையில் உள்ளன? எத்தனை பயிற்றுநர்கள்? இதுவரை நடந்த விபத்துகள் எத்தனை?

நம் பிள்ளைகள் வானேறட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் கற்று ஏறட்டும். வாங்கிய சான்றிதழ் அதிகாரியை ஏமாற்றும்; சரியும் விமானத்தை ஏமாற்றாது.

சிந்திப்போம்! செயல்படுவோம்!