பாலர் உபாத்தியாயினிகளுக்கு ஒரு சங்கம்

கல்வியென்பது தனித்திருந்து சம்பாதிக்கும் செல்வமன்று. நெசவாளி பக்கத்துத் தறியைப் பார்த்தே தன் தறியின் நுட்பத்தைத் தெரிந்துகொள்ளுகிறான். சம்சாரி அயல் புஞ்சையின் விளைவைக் கண்டே தன் புஞ்சைக்கு விதை தேர்கிறான். வக்கீல்கள் நியாயஸ்தலத்தில் கற்பதைக் காட்டிலும், வக்கீல் சங்கத்து அறையில் ஒருவர் தோற்ற வழக்கை மற்றவர் பிரித்து ஆராயும்போது அதிகமாய்க் கற்கின்றனர் என்பதை நாம் தொழில் அனுபவத்தால் அறிவோம். ஆனால், மனித வாழ்வின் முதல் ஆறு வருஷங்களைக் கையில் ஏந்தி நிற்கும் ஒரு வகுப்பினருக்கு மட்டும், தம் தொழிலைப் பற்றித் தம்மவரோடு இருந்து பேசுவதற்கு ஒழுங்கான இடமுமில்லை, வேளையுமில்லை. நமது ஜனங்கள் இன்றும் பால்வாடி என்று அழைக்கும் அங்கன்வாடிகளின் உபாத்தியாயினிகளையே இங்கு குறிப்பிடுகிறோம்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பாலவனத்தம் இருக்கிறது. அதற்கப்பால் திருச்சுழி வரையில் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் புஞ்சையும் பொய்க்கும். களையெடுப்புக்கும், பருத்தி எடுப்புக்கும், மில்லுக்கும், தீப்பெட்டி ஆபீசுக்கும் தாய்மார்கள் விடியலிலேயே புறப்பட்டுவிடும் ஊர்கள் இவை. கையில் பணமுள்ளவர் தம் குழந்தையை வேனில் ஏற்றி நகரத்து ஆங்கில நர்சரிக்கு அனுப்புகிறார். இல்லாதவர் குழந்தைக்கு அங்கன்வாடி ஒன்றே பள்ளி. அந்தப் பள்ளியின் குணமும் குறையும் அங்கேயுள்ள ஒரு டீச்சரையும் ஓர் ஆயாவையுமே பொறுத்தன.

இந்த ஜில்லா பசித்த குழந்தையின் வயிற்றை நன்கறிந்த ஜில்லா. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதல் மந்திரியாயிருந்தபோது 1956-ல் பள்ளிச் சிறார்க்கு மதிய உணவு ஏற்பட்டது. 1982-ல் கிராமத்து மையங்களுக்கு வரும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கும் சத்துணவு வந்தது. வயிற்றுக்கு வழி செய்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. அதே மூலையில், அதே குழந்தையின் அறிவுக்கு என்ன வழி செய்தோம் என்பதே நமது கேள்வி.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், 14 வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002-ம் வருஷத்து 86-வது அரசியல் சாசனத் திருத்தமோ அவ்வுரிமையை 6 முதல் 14 வயது வரையில் என்று வரையறுத்து, ஆறு வயதுக்குட்பட்டோரை 45-வது ஷரத்தில், சர்க்கார் முயல வேண்டும் என்ற சொல்லுக்குள் ஒதுக்கிவிட்டது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவும், மூன்று வயதுக்கு மேற்பட்டோர்க்கு முன்பருவக் கல்வி ஏற்பாடு செய்யலாம் என்றே மொழிகிறது. எனினும் 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், அங்கன்வாடிப் பணியாளர்க்கும் உதவியாளர்க்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, அவர்கள் செய்வது தர்ம காரியமன்று, சட்டம் விதித்த கடமை என்பதையும் எடுத்துக்காட்டிற்று. கடமை சட்டத்தால் விதிக்கப்படுமாயின், அதைச் செய்வதற்குரிய அறிவைப் பெருக்கும் வசதியும் சட்டபூர்வமான கடனே ஆகும் என்பது நமது வாதம்.

1975 அக்டோபர் 2-ந் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ஆறு சேவைகள் வகுக்கப்பட்டன. சத்துணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்குச் சுகாதார போதனை, முன்பருவக் கல்வி என்பன அவை. ஐந்து சேவைகளுக்கு எடை உண்டு, எண்ணிக்கை உண்டு. ஆறாவதான கல்விக்கு அளவுகோல் எளிதில் அகப்படுவதில்லை. அளக்க முடியாதது அலட்சியமாவது உத்தியோக உலகின் இயல்பு. 2021-ல் வந்த போஷன் டிராக்கர் என்னும் கைபேசிச் செயலியில் உயரமும் எடையும் ஏறுகின்றன. ஆறு மாதம் வாய் திறவாதிருந்த ஒரு பெண் குழந்தை நேற்று ஒரு பாட்டின் கடைசி அடியைத் தானே பாடினாள் என்பதைப் பதிய அதில் ஏது இடம்?

உபாத்தியாயினிகளுக்குப் பயிற்சியே இல்லை என்று நாம் கூறவில்லை. 2018-ல் தொடங்கிய போஷன் அபியானில், மாதாந்தரக் கூட்டங்களில் சிறிது சிறிதாகக் கற்பிக்க 21 பாடங்கள் வகுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை உணவும் உடல்நலமும் பற்றியவை. 2023 மே மாதத்தில் மத்திய சர்க்கார் “போஷன் பீ, படாயீ பீ” என்ற திட்டத்தால் தேசமெங்குமுள்ள 13 லக்ஷத்துக்கு மேற்பட்ட பணியாளர்க்கு முன்பருவக் கல்வியில் பயிற்சியளிக்க முற்பட்டது. நல்ல காரியமே. ஆயினும் இவையனைத்தும் மேலிருந்து கீழே இறங்கும் நீர். தலைநகரில் ஊற்றுவது ஜில்லாவுக்கும் வட்டாரத்துக்கும் வந்து கடைசி மடையை எட்டும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கண்மாய்ப் பாசனக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலும், மூன்று நாள் பயிற்சியில் கேட்டதை, நாலாம் நாள் தன் மையத்தில், மூன்று வயதுக் குழந்தை அழ, ஐந்து வயதுக் குழந்தை ஓட, செய்து பார்க்கும்போதுதான் உண்மையான சந்தேகங்கள் எழும். அந்தச் சந்தேகத்தை அவள் யாரிடம் கேட்பாள்?

பக்கத்து ஊர் டீச்சரிடம் கேட்பாள். கேட்க வேண்டும். அதற்கு வழி செய்யுங்கள் என்பதே நமது கோரிக்கை. எட்டு அல்லது பத்து மையங்களின் உபாத்தியாயினிகள் மாதத்தில் ஒரு நாள், ஒவ்வொரு முறையும் ஒருவர் மையத்தில், கூடட்டும். முதல் ஒரு மணி நேரம் அந்த மையத்துக் குழந்தைகள் விளையாடுவதை மற்றவர்கள் வாய் பேசாமல் கவனிக்கட்டும். குழந்தைகள் உறங்கிய பின் பேசட்டும். புளியங்கொட்டையைக் கொண்டு எண் கற்பித்த ஒருத்தி, பத்து வரையில் ஒப்பிக்கும் குழந்தை ஐந்து கொட்டைகளை எடுத்துக் கொடுக்கத் தடுமாறியதைச் சொல்லுவாள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு என்று அப்போது எல்லோருக்கும் விளங்கும். இன்னொருத்தி, பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஒரு முத்தாய்ப் போடச் செய்து அக்குறையைத் தீர்த்த விதத்தைக் காட்டுவாள். அடுத்த மாதம் ஒவ்வொருத்தியும் தன் மையத்தில் அதைச் செய்து பார்த்துப் பலித்ததையும் பலியாததையும் கொண்டுவருவாள். இதுவே கூடிக் கற்றல். இதற்கு மாளிகை வேண்டாம், மண்டபம் வேண்டாம்.

இது நம் கற்பனையன்று. வக்கீலாயிருந்த கிஜுபாய் பதேகா அத்தொழிலை விடுத்து 1920-ல் பாவ்நகரில் பால மந்திரம் தொடங்கினார். 1926-ல் அவரும் தாராபாய் மோடக்கும் சேர்ந்து நூதன பால சிக்ஷண சங்கத்தை ஸ்தாபித்தனர். பள்ளி நடத்தியதோடு நில்லாமல், ஆசிரியர்கள் தம் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்ளச் சங்கமும் பத்திரிகையும் வேண்டும் என்று கண்டதே அவர்கள் மேன்மை. பின்னர் 1945 முதல் தாராபாயும் அனுதாய் வாகும் போர்டியிலும், அப்பால் கோஸ்பாடிலும் ஏழைக் குழந்தைகள் வாழும் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோயினர். அந்த முற்றமே இன்று நாம் வழங்கும் அங்கன்வாடி என்ற பெயரின் மூலம். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், குழந்தையைக் கவனிப்பதே ஆசிரியரின் முதற் பாடம் என்றே போதித்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்தில், லோரிஸ் மலகுஸ்ஸி வழிகாட்டிய பாலர் பள்ளிகளில், ஒவ்வொரு வகுப்புக்கும் இரு ஆசிரியர். குழந்தைகளின் பேச்சையும் சித்திரத்தையும் குறித்து வைத்து அவர்கள் கூடி ஆராய்வதற்கு வார வேலை நேரத்திலேயே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஜப்பானில் ஒருவர் பாடத்தைப் பலர் கவனித்து விவாதிக்கும் முறை தலைமுறைகளாய் வேரூன்றியது.

இத்தாலியும் ஜப்பானும் எதற்கு? இந்த மண்ணிலேயே சான்று உண்டு. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். வித்துவான்கள் அன்றும் நாட்டில் இருந்தனர். ஆனால் ஊருக்கொருவராய்ச் சிதறியிருந்தனர். அவர்களை ஒன்று கூட்டி, கலாசாலையும் புத்தகசாலையும் பரீக்ஷைகளும் “செந்தமிழ்”ப் பத்திரிகையும் ஏற்படுத்தியபோது, சிதறிக் கிடந்த புலமை தேசத்தின் பொதுச் சொத்தாயிற்று. பண்டிதர்க்குச் சங்கம் கண்ட ஊர், பாலர் உபாத்தியாயினிகளுக்கும் ஒரு சங்கம் காண்பதில் என்ன விந்தை?

ஆக்ஷேபங்கள் எழும். மாதாந்தரக் கூட்டம் இப்போதே உண்டே என்பர். உண்டு. ஆனால் கணக்குக் கேட்கும் கூட்டம் வேறு, கற்கும் கூட்டம் வேறு. மேலதிகாரி முன்னிலையில் எவளும் தன் இடர்ப்பாட்டைச் சொல்லத் துணியாள். மேற்பார்வையாளர் அந்நாளில் பதிவேட்டை மூடிவிட்டு, தாமும் ஒரு மாணாக்கியாய் அமர்தல் வேண்டும். இவர்களில் பலர் அதிகம் படித்தவரல்லரே, ஒருவருக்கொருவர் எதைக் கற்பிப்பர் என்று சிலர் ஏளனம் செய்வர். இருபது வருஷம் குழந்தைகளோடு பழகிய ஒரு பெண்மணி அறிந்ததைப் பட்டதாரிகளும் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது. அறியாதவற்றுக்கு அவ்வப்போது ஒரு வைத்தியரையோ கல்லூரி ஆசிரியரையோ அழைத்துக்கொள்ளலாம். அன்று குழந்தைகளைப் பார்ப்பது யார் என்ற ஆக்ஷேபம் ஒன்றே கனமானது. மையத்தை உதவியாளர் தலையில் சுமத்திவிட்டுப் போவது தகாது. அந்த ஒரு நாளுக்கு, வட்டாரத்தில் பயிற்சி பெற்ற மாற்றுப் பணியாளர் சிலரைச் சர்க்கார் நியமிக்க வேண்டும். உதவியாளர்களுக்கும் முறை வைத்து இக்கூட்டத்தில் இடம் தர வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுபவள் அறிவது டீச்சரும் அறியாததாயிருக்கும்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் பணியாளரின் மதிப்பூதியத்தை மாதம் 4,500 ரூபாயாக உயர்த்திற்று. மாகாண சர்க்கார் தன் பங்கைச் சேர்க்கிறது. இச்சம்பளக்காரியைத் தன் கைக்காசில் பஸ் ஏறி வந்து கற்றுக்கொள் என்பது நியாயமாகாது. பஸ் சத்தமும், அன்றையச் சாப்பாடும், அந்நாள் வேலை நாளே என்ற உத்தரவும் வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்குக் குறுவள மையக் கூட்டங்கள் என்றொரு வழக்கம் உண்டு. முதல் வகுப்பு ஆசிரியர் ஒருவரும் இப்பாலர் சங்கத்துக்கு வந்தமர்ந்தால், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள மதில் இடியும்.

தமிழ்நாட்டில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஒரு வருஷம் நடத்திப் பார்க்கட்டும். உத்தரவு வரும்வரை நமது தேசத் தொண்டர்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிராம சபையில் இதைத் தீர்மானமாய்க் கொண்டுவாருங்கள். பஞ்சாயத்துத் தலைவரைக் கேளுங்கள். தேர்தல் காலத்தில் அங்கன்வாடிச் சுவரில் விளம்பரம் எழுதும் அன்பர்கள், ஒரு நாள் அச்சுவருக்குள்ளே சென்று அந்த டீச்சரைக் கண்டு, உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா என்று கேட்கட்டும். அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் வேண்டாம். தன்னைப் போன்ற ஒன்பது பேரோடு, மாதத்தில் ஒரு நாள், குழந்தைகளைப் பற்றி மட்டும் பேச வேண்டும். இதைக்கூடக் கொடுக்க மனமில்லாத தேசம், குழந்தைகளே நாட்டின் எதிர்காலம் என்று மேடையில் முழங்குவதை நிறுத்திக்கொள்ளட்டும்.