எந்த இன்ஜினுக்கு அச்சு செய்வது?

முதலீட்டு முடிவை எவ்வாறு எடுப்பது என்பதைப் பெரிய ஆலைகளிடம் மட்டுமே கற்க வேண்டும் என்பதில்லை. கைக்குள் அடங்கும் ரயில் இன்ஜின்களைச் செய்து விற்கும் நிறுவனங்களிடமும் அப்பாடம் உண்டு.

பிரிட்டனில் மாதிரி ரயில் என்பது சிறுவர் விளையாட்டு மட்டுமன்று. பெரியவர்களின் நெடுநாள் பொழுதுபோக்கு. அங்கே பரவலாக வழங்கும் அளவில் உண்மை இன்ஜின் 76-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அந்நாட்டில் ஓடிய இன்ஜின், பெட்டி வகைகள் எண்ணற்றவை. ஒவ்வொன்றுக்கும் அன்பர்கள் உண்டு. ஆயினும் புதிதாக வெளிவருபவை சிலவே. காரணம், அச்சு. அளவெடுத்து, வரைபடம் தயாரித்து, எஃகில் அச்சுகளை உருவாக்கி முடிக்கும்வரை செலவு மட்டுமே, வரவில்லை. நூறு விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் அச்சின் செலவு ஒன்றே.

ஆகவே உற்பத்தியாளரின் முதற்கேள்வி, "எது அழகானது?" என்பதன்று, "ஓர் அச்சிலிருந்து எத்தனை வேறுபட்ட பொருள்களை விற்கலாம்?" என்பதே.

'டெரியர்' என்று செல்லமாக அழைக்கப்படும் சிறு நீராவி இன்ஜினைப் பாருங்கள். வில்லியம் ஸ்ட்ரவுட்லி வடிவமைத்த இவ்வகையில் 1872 முதல் 1880 வரை 50 இன்ஜின்கள் கட்டப்பட்டன. லண்டனின் புறநகர்ப் பாதைகளுக்காகப் பிறந்த அவை, கைமாறிக் கைமாறி வைட் தீவு வரை சென்றன. சில 1963 வரை ஹேலிங் தீவுக் கிளைப்பாதையில் உழைத்தன. தொடக்கத்தில் அவற்றின் நிறம் மஞ்சட்காவி. 1923-க்குப் பின் சதர்ன் ரயில்வேயின் பச்சை. 1948-இல் ரயில்வே நாட்டுடைமையான பின் கருப்பு. பத்து இன்ஜின்கள் இன்றும் பாதுகாக்கப்படுவதால் நேரில் அளவெடுக்கவும் இயலும். அடிப்படை அச்சு ஒன்று. வண்ணமும் எண்ணும் பெயரும் மாறும்போது பொருள்கள் பல.

ஆனால் ஒருவருக்குச் சரியாக வரும் கணக்கு மற்றவருக்கும் சரியாகவே வரும். ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்டு என்னும் விற்பனை நிறுவனம் டாப்பாலுடன் இணைந்து புதிய டெரியரை 2018-இல் அறிவித்தது. அதே ஆண்டில் ஹார்ன்பியும் தனது புதிய டெரியரை அறிவித்தது. ஒரே இன்ஜினுக்கு இரண்டு அச்சுகள். வாங்குவோர் கூட்டமோ ஒன்றே.

இந்த இடரைக் குறைக்கவே பல நிறுவனங்கள் முன்பதிவை நாடுகின்றன. "இது வந்தால் வாங்குவேன்" என்று சொல்வோர் பலர். பெயரைப் பதிந்து பணம் கட்டுவோர் சிலர். விருப்பம் வேறு, தேவை வேறு. பழம்பெருமையும் முழுக்காவலாகாது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1859-இல் தோன்றியது. தனது 150-ஆம் ஆண்டான 2009-இல், வங்கிகளுடனான கடன் பேச்சு முறிந்தபின், நொடிப்பு மனு தாக்கல் செய்தது. பிறகு புதிய உரிமையாளரின் கையில் அது மீண்டெழுந்தது.

இத்தகைய கணக்கு அரிய இன்ஜின்களைப் புறக்கணிக்கிறது என்று அன்பர்கள் வருந்துவதுண்டு. எங்கள் கருத்து வேறு. நிலையான விற்பனை தரும் மாதிரியின் வருவாயே அரிய மாதிரிக்குத் துணிய இடந்தருகிறது. கணக்கு இல்லாத ஆர்வம் ஓர் அச்சோடு நின்றுவிடும்.

இயந்திரத்துக்கும் அச்சுக்கும் கடன் கோரி வரும் சிறுதொழில் முனைவோரை நாங்கள் நாள்தோறும் சந்திக்கிறோம். பலர் குடியிருக்கும் வீட்டையே ஈடாக வைக்க முன்வருகிறார்கள். ஈட்டின் மதிப்பு கடனுக்குப் பாதுகாப்பாகலாம், தொழிலுக்கு ஆகாது. எனவே விண்ணப்பத்தை நிரப்புமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை காணுங்கள்: இந்த ஓர் அச்சு எத்தனை பொருள்களைத் தரும்? இதையே வேறு யார் செய்யவிருக்கிறார்? இன்றே வாங்க உறுதி தருவோர் எத்தனை பேர்? விடைகள் தெளிவாக இருந்தால் எங்கள் முடிவும் எளிதாகும். அதைவிட முக்கியமாக, உங்கள் வீடு உங்களுடையதாகவே இருக்கும்.